வீட்டு ரெக்கார்டரில் டிரம்ஸும் பேஸும்: நீங்களே புரோகிராம் செய்யலாம்

கிட்டார் இருக்கிறது, வாசிக்கவும் தெரியும். ஆனால் கூட வாசிக்க ஆள் இல்லை. பல வீடுகளில் இதுதான் நிலைமை. கல்லூரியில் ஒன்றாக வாசித்த நண்பர்கள் இன்று ஆளுக்கொரு ஊரில் வேலை பார்க்கிறார்கள். டிரம்ஸ் செட் வாங்கி வைக்க அபார்ட்மென்ட்டில் இடம் இல்லை. இடம் இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் விட மாட்டார்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே டிரம்ஸ், பேஸ் கிட்டார் இரண்டையும் தனக்குள் வைத்திருக்கும் ஹோம் ரெக்கார்டர்கள் வந்தன. கூட வாசிக்கும் இருவரையும் நாமே புரோகிராம் செய்துவிட்டு, அதன் மேல் நம் கிட்டாரையோ பாட்டையோ பதிவு செய்யலாம். கருவி இல்லாதவர்கள் கம்ப்யூட்டரிலேயே இலவச சாப்ட்வேர்களைக் கொண்டு இதைச் செய்யலாம்.

நான் ஒரு சாப்ட்வேர் என்ஜினீயர். இசை எனக்குத் தொழில் அல்ல. சென்ற ஆண்டு என் அப்பாவின் ஒரு மெட்டைப் பதிவு செய்வதற்காக இந்தக் கருவியுடன் மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். நடுவில் ஒரு பெரிய தவறு செய்தேன். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததில் நான் கற்றதைத்தான் இங்கே தருகிறேன்.

எதற்காக இந்த வேலை?

அப்பா 1980-களில் திருநெல்வேலியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவர். கோவில் கொடை, கல்யாண வீடு என்று ஆண்டு முழுவதும் கச்சேரி இருக்குமாம். பிறகு குழு கலைந்தது. டிரம்ஸ் வாசித்தவர் வெளிநாடு போய்விட்டார். பேஸ் கிட்டார் வாசித்த மாமா சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். அப்பாவுக்கு அரசு வேலையும் குடும்பமும் என்று காலம் ஓடிவிட்டது.

அவர் சொந்தமாகப் போட்ட மெட்டு ஒன்று உண்டு. வார்த்தைகள் இல்லை, கிட்டார் மட்டும்தான். மின்சாரம் போன இரவுகளில் திண்ணையில் உட்கார்ந்து அதை வாசிப்பார். நான் அதைக் கேட்டே வளர்ந்தவன். ஆனால் அது எங்கேயும் ஒழுங்காகப் பதிவானதில்லை.

இரண்டு ஆண்டுகளாக அவருடைய இடது மோதிர விரல் காலை நேரங்களில் மடங்க மறுக்கிறது. ஒருநாள் அவரே சொன்னார்: "விரல் ஒழுங்கா இருக்கும்போதே இத ஒரு தடவ பதிஞ்சு வச்சிரணும்யா."

அதற்காகத்தான் 2000-களில் வெளிவந்த 8 டிராக் ரெக்கார்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மெமரி கார்டில் பதிவு செய்யும் கருவி. மேலே டிரம்ஸ் தட்டுவதற்கு ரப்பர் பேடுகள், நடுவில் இரண்டு வரி மட்டும் காட்டும் சின்ன ஸ்க்ரீன்.

தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

டிராக்: தனித்தனியாகப் பதிவு செய்யும் வரிசை. கிட்டார் ஒரு டிராக், பாட்டு இன்னொரு டிராக். டிரம்ஸுக்கும் பேஸுக்கும் தனி டிராக்குகள் இருக்கும்.

பார்: தாளத்தின் ஒரு சுற்று.

பேட்டர்ன்: ஒன்று அல்லது சில பார் நீளமுள்ள டிரம்ஸ், பேஸ் துண்டு. கருவியிலேயே நூற்றுக்கணக்கில் தயாராக இருக்கும். நாமும் உருவாக்கலாம்.

சாங்: பேட்டர்ன்களை எந்த வரிசையில், எத்தனை முறை வாசிக்க வேண்டும் என்ற பட்டியல். புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது எளிதில் புரியும். பேட்டர்ன் என்பது ஃபங்ஷன்; சாங் என்பது அவற்றை வரிசையாக அழைக்கும் மெயின் புரோகிராம்.

ரியல் டைம், ஸ்டெப்: ஓடும் தாளத்துக்கு ஏற்ப பேடுகளைத் தட்டிப் பதிவு செய்வது ரியல் டைம். தாளத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வோர் இடமாக நகர்ந்து அடிகளை வைப்பது ஸ்டெப். புதியவர்களுக்கு ஸ்டெப் முறையே நல்லது.

வெலாசிட்டி: அடியின் பலம். மிடி முறையில் இது 1 முதல் 127 வரை இருக்கும்.

கொஞ்சம் வரலாறு

வீட்டில் மல்டி டிராக் ரெக்கார்டிங் பரவியதற்கு முக்கியக் காரணம், 1979-ல் டீயாக் நிறுவனம் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ 144. சாதாரண கேசட்டில் 4 டிராக்குகள் பதிவு செய்தது. 1980-ல் ரோஜர் லின் உருவாக்கிய எல்எம்-1, உண்மையான டிரம்ஸ் ஒலிகளைப் பதிவு செய்து வைத்து ஒலிக்கும் டிரம் மெஷினாக வந்தது. அதே ஆண்டில் ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 வெளியானது.

நம் கட்டுரைக்கு நெருக்கமான ஜோடி 1981-ல் வந்தது. டிரம்ஸுக்கு டிஆர்-606, பேஸுக்கு டிபி-303. தனியாக வாசிக்கும் கிட்டார் கலைஞருக்குப் பக்கவாத்தியமாக இருக்கட்டும் என்றுதான் ரோலண்ட் இவற்றைத் தயாரித்தது. டிபி-303 உண்மையான பேஸ் கிட்டார் போல ஒலிக்கவில்லை. அதைப் புரோகிராம் செய்வதும் கடினமாக இருந்தது. 1984-ல் தயாரிப்பு நின்றது. மலிவாகக் கிடைத்த அந்தக் கருவியை சிகாகோ இளைஞர்கள் எடுத்துத் திருகித் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்ற புதிய நடன இசையையே உருவாக்கினார்கள். அது வேறு கதை.

1983-ல் மிடி என்ற பொது முறை வந்தது. 1991-ல் வந்த ஜெனரல் மிடி, எந்த எண்ணுக்கு எந்த ஒலி என்பதை ஒழுங்குபடுத்தியது. அதன்படி 10-வது சேனல் டிரம்ஸுக்கு உரியது. அதில் பேஸ் டிரம் 36, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹாட் 42, திறந்த ஹை-ஹாட் 46, க்ராஷ் சிம்பல் 49. இந்த ஐந்து எண்கள் நினைவில் இருந்தாலே போதும். இந்த முறையைப் பின்பற்றும் எந்த சாப்ட்வேரிலும் டிரம்ஸ் எழுதிவிடலாம்.

நான் செய்த தவறு

அப்பாவின் மெட்டு 'சிக்ஸ் எய்ட்' தாளம். நம் ஊர் மெல்லிசையில் மிகவும் பழக்கமான நடைதான். ஒரு பாரை 1-2-3, 4-5-6 என்று எண்ண வேண்டும். அழுத்தம் 1-லும் 4-லும் விழும். காலால் தாளம் தட்டினால் ஒரு பாருக்கு இரண்டு தட்டு.

நான் வாங்கிய கருவியில் 6/8 என்ற தேர்வு கிடையாது. 4/4, 3/4 போன்றவை மட்டுமே உண்டு. நான் ஒரு கணக்குப் போட்டேன். கருவியின் ஒரு பீட் நம் எண்ணிக்கையில் 2. அப்படியானால் 3/4 என்பது 3 பீட், அதாவது 6 எண்ணிக்கை. பாரின் நீளம் சரியாகப் பொருந்துகிறது! கருவியில் இருந்த 3/4 பேட்டர்ன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, டெம்போவைக் குத்துமதிப்பாக வைத்து, அப்பாவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

'டிக் டிக் டிக்' என்று எண்ணிக்கை ஒலித்தது. அப்பா ஆரம்பித்தார். மூன்றாவது பாரிலேயே தடுமாறி நிறுத்தினார். மறுபடியும் ஆரம்பித்தார், மறுபடியும் நின்றார். ஆறு முறை இப்படியே நடந்தது. நான் ஸ்க்ரீனில் பார் எண் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாரும் சரியான இடத்தில்தான் தொடங்கியது. எனவே தவறு கருவியில் இல்லை என்று முடிவு செய்தேன்.

"அப்பா, டைமிங் விடுறீங்க" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. இடது கையை விரித்து விரலைப் பார்த்தார். கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினார். அடுத்த பத்து நாட்கள் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. அம்மா அடுப்படியில் வைத்து மெதுவாகச் சொன்னார்: "அப்பா இனிமே வேண்டாம்ங்காவ. நீயும் விட்டுரு."

அலுவலகத்தில் ஒரு யூசர் புகார் செய்தால், லாக் பைலைப் பார்க்காமல் 'யூசரின் தவறு' என்று எழுதி மூடக்கூடாது என்று ஜூனியர்களுக்குச் சொல்பவன் நான். வீட்டில் அதையேதான் செய்திருந்தேன்.

தவறு எங்கே இருந்தது?

பதினோராம் நாள் இரவு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே மெட்டுக்கு நானே கோர்டுகளைத் தட்டிப் பார்த்தேன். என் விரல்களில் ஒரு குறையும் இல்லை. நானும் மூன்றாவது பாரில் விழுந்தேன்.

உடனே ஒரு தாளை எடுத்து 1 முதல் 6 வரை எழுதி, எந்த ஒலி எங்கே விழுகிறது என்று குறித்தேன். விஷயம் அங்கேயே தெரிந்தது.

கருவியின் மெட்ரோனோம்: 1, 3, 5
தேர்ந்தெடுத்த பேட்டர்னின் அடிகள்: 1, 3, 5
அப்பாவின் மெட்டு: 1, 4

பாரின் நீளம் ஒன்றுதான். ஆனால் கருவி அதை மூன்றாகப் பிரிக்கிறது, மெட்டு இரண்டாகப் பிரிகிறது. முதல் அடியில் மட்டும் இரண்டும் சந்திக்கும். மெட்டு அழுத்தம் கேட்கும் 4-ல் கருவி அமைதியாக இருக்கும். மெட்டு மென்மையாகப் போகும் 3-லும் 5-லும் 'டிக்' என்று அடிக்கும். காலில் இரண்டு தட்டு, காதில் மூன்று தட்டு. அனுபவம் உள்ளவரையும் இது குழப்பும்.

இன்னொன்றையும் சோதித்தேன். போன பொங்கலுக்கு அம்மா மொபைலில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. மிக்ஸி சத்தம், குக்கர் விசில் எல்லாவற்றுக்கும் நடுவில் அப்பா இதே மெட்டை வாசிக்கிறார். அந்த ஒலியை ஆடாசிட்டி சாப்ட்வேரில் திறந்தேன். (மொபைல் வீடியோ பைலை ஆடாசிட்டியில் திறக்க எப்எப்எம்பெக் என்ற இலவச லைப்ரரி தேவைப்படும்.) பல்லவி வரும் இடங்களில் 8 பார் நீளத்தை அலை வடிவத்தில் தேர்ந்தெடுத்து அளந்தேன். நான்கு முறை அளந்ததில் 16.0, 15.9, 16.1, 16.0 வினாடிகள் வந்தன.

மெட்ரோனோம் இல்லாமல், குக்கர் விசிலுக்கு நடுவில், 16 வினாடியில் 0.1 வினாடி மட்டுமே வித்தியாசம். இவரிடம்தான் நான் டைமிங் விடுகிறீர்கள் என்று சொன்னேன்.

ஆகவே நண்பர்களே, முதல் பாடம் இதுதான். வாசிப்பவர் தடுமாறினால் முதலில் கருவி எதை எண்ணுகிறது என்று பாருங்கள். வாசிப்பவரை அப்புறம் பார்க்கலாம். இனி படிப்படியாகச் செய்முறைக்குப் போவோம்.

படி 1: எண்ணிக்கையைச் சரிசெய்யுங்கள்

உங்கள் கருவியில் 6/8 இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் 3/4 வைத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே இருக்கும் 3/4 பேட்டர்ன்களைப் பயன்படுத்தாதீர்கள். காலியான பேட்டர்ன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப் அளவை எய்த் நோட் என்று வையுங்கள். இப்போது ஒரு பாரில் 6 இடங்கள் கிடைக்கும்.

பல கருவிகள் ஒரு பீட்டை 96 டிக்குகளாகப் பிரிக்கும். அப்படியானால் நம் ஆறு எண்ணிக்கைகளும் 0, 48, 96, 144, 192, 240 ஆகிய டிக்குகளில் விழும். அழுத்தம் வேண்டிய இடங்கள் 0-வும் 144-ம். 3/4-ல் வைத்தால் கருவியின் மெட்ரோனோம் 0, 96, 192-ல் ஒலிக்கும். எனவே செட்டிங்ஸில் மெட்ரோனோமையும் ப்ரீ-கவுண்ட்டையும் நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பதிலாக 'கவுண்ட்' என்று பெயரிட்டு ஒரு பார் நீளத்தில் தனி பேட்டர்ன் உருவாக்குங்கள். அதில் 1-லும் 4-லும் மூடிய ஹை-ஹாட் மட்டும் வையுங்கள். சாங்கின் தொடக்கத்தில் இதை இரண்டு முறை ஒலிக்க விட்டால், வாசிப்பவருக்கு நான்கு தட்டுகள் கிடைக்கும்.

படி 2: டெம்போவை அளந்து வையுங்கள்

பலர் டெம்போவைக் குத்துமதிப்பாக வைத்துவிட்டு, வாசிப்பவரை அதற்கு ஏற்ப ஓடச் சொல்கிறார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். முதலில் அவரைத் தனியாக வாசிக்கச் சொல்லி மொபைலில் பதிவு செய்யுங்கள். 8 பார் எத்தனை வினாடி என்று அளந்து இந்தக் கணக்கைப் போடுங்கள்:

டெம்போ = பார் எண்ணிக்கை × ஒரு பாரின் பீட் × 60 ÷ வினாடி

அப்பாவின் பல்லவி: 8 × 3 × 60 ÷ 16 = 90.

சரணத்தில் அவர் கொஞ்சம் நிதானமாக வாசிப்பார். அங்கே 8 பாருக்கு 16.7 வினாடி ஆனது. கணக்கில் 86 வருகிறது. இது தவறு அல்ல. அந்த மெட்டின் குணம். எனவே கருவியைத்தான் மாற்றினேன். சாங் எடிட்டில் குறிப்பிட்ட பாரில் டெம்போவை மாற்றும் வசதி பல கருவிகளில் உண்டு. 90-லிருந்து 86-க்கு ஒரேயடியாக இறக்காமல், நடுவில் இரண்டு பார் 88-ல் வைத்தால் இறக்கம் தெரியாது.

படி 3: டிரம்ஸ்

ஸ்டெப் முறையில் நான் எழுதிய அடிப்படை பேட்டர்ன் இது. அடைப்புக்குள் இருப்பது வெலாசிட்டி.

பேஸ் டிரம்: 1 (105), 6 (70)
ஸ்னேர்: 4 (95)
ஹை-ஹாட்: 1 (90), 2 (55), 3 (65), 4 (80), 5 (55), 6 (65)

ஹை-ஹாட்டின் எண்களைக் கவனியுங்கள். ஆறையும் 100 என்று வைத்தால் தையல் மெஷின் ஓடுவது போல இருக்கும். டிரம்மரின் கை எல்லா அடியையும் ஒரே பலத்தில் அடிக்காது. டிரம் மெஷின் செயற்கையாக ஒலிக்கிறது என்று பலர் குறை சொல்வதற்குப் பெரும்பாலும் வெலாசிட்டியைத் தொடாமல் விடுவதே காரணம். 6-ம் எண்ணில் இருக்கும் மெல்லிய பேஸ் டிரம் அடி, அடுத்த பாருக்குள் தள்ளிவிடும் உந்துதலைக் கொடுக்கும்.

இதை நகல் எடுத்து இன்னும் மூன்று பேட்டர்ன்கள் தயார் செய்யுங்கள்.

சரணத்துக்கு: ஸ்னேரை எடுத்துவிட்டு அதே இடத்தில் சைடு ஸ்டிக் (ஜெனரல் மிடியில் 37). ஹை-ஹாட்டை எல்லா இடத்திலும் 10 குறையுங்கள்.

ஃபில்லுக்கு: ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரும் பார். 4, 5, 6-ல் ஸ்னேர், டாம், டாம். அதற்கு மேல் வேண்டாம்.

முடிவுக்கு: 1-ல் க்ராஷ் சிம்பலும் பேஸ் டிரம்மும் மட்டும்.

நான்கு பேட்டர்ன் போதுமா என்று கேட்கலாம். முதலில் நான் பதினொன்று செய்தேன். அப்பா கேட்டுவிட்டு, "இது எதுக்கு இவ்ளோ அடிக்கி? பாட்டு எங்க?" என்றார். ஏழை அழித்தேன்.

படி 4: பேஸ்

பேஸின் வேலை இரண்டு: எந்தக் கோர்டு என்று காட்டுவது, பேஸ் டிரம்மோடு ஒட்டி நடப்பது. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேஸ் டிரம்மும் பேஸ் கிட்டாரும் ஒரே நேரத்தில் விழுந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே வாத்தியம் போலக் கேட்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல் விழுந்தால் இசை சேறாகிவிடும்.

சில கருவிகளில் ஒவ்வொரு பாருக்கும் கோர்டின் பெயரைக் கொடுத்தால் போதும். பேஸ் பேட்டர்ன் அதற்கேற்பத் தானாக மாறிக்கொள்ளும். மற்றவற்றில் சுரங்களை நாமே வைக்க வேண்டும். அப்பாவின் பல்லவியில் வரும் கோர்டுகள் ஏ மைனர், எஃப் மேஜர், ஜி மேஜர், மறுபடி ஏ மைனர். எளிய விதி இது:

எண் 1: கோர்டின் மூல சுரம் (ஏ, எஃப், ஜி, ஏ)
எண் 4: அந்தக் கோர்டின் ஐந்தாம் சுரம் (இ, சி, டி, இ)
எண் 6: அடுத்த கோர்டுக்குக் கொண்டுபோகும் ஒரு சுரம், மென்மையாக

சுரத்தின் நீளமும் முக்கியம். 1-ல் தொடங்கும் சுரம் 4 வரை முழுதாக நீளாமல், 3 முடிவதற்குள் நின்றுவிட வேண்டும். அந்தச் சிறு இடைவெளியில்தான் ஸ்னேர் தெளிவாகக் கேட்கும். சுரம் தொடங்கும் இடத்தை மட்டும் வைத்துவிட்டு, முடியும் இடத்தைக் கவனிக்காமல் விடுவது புதியவர்கள் செய்யும் பிழை.

பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். லேப்டாப் ஸ்பீக்கரில் இது கேட்கவே கேட்காது. கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றிக்கொண்டே போனால், பிறகு நல்ல ஸ்பீக்கரில் போடும்போது வீடே அதிரும். ஹெட்போனில் மட்டுமே பேஸைச் சரிபாருங்கள்.

பேஸை எழுதி முடித்து அப்பாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். கிட்டாரைப் பற்றி இருவரும் எதுவும் பேசவில்லை. "சும்மா கேட்டு மட்டும் சொல்லுங்க" என்றேன். கண்ணை மூடிக் கேட்டார். கால் தானாக 1-லும் 4-லும் தட்டியது. பிறகு சொன்னார்: "நாலாவது பார்ல அவன் வாசிக்க மாட்டான். மொதல்ல ஒண்ணு போட்டுட்டு கைய எடுத்துருவான். நான் அந்த எடத்துலதான் இழுப்பேன்."

'அவன்' என்றது பேஸ் வாசித்த மாமாவை. நாலாவது பாரில் 4, 6 ஆகிய இரண்டு சுரங்களையும் அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அந்தப் பெட்டிய எடு" என்றார்.

படி 5: சாங்காகக் கோர்ப்பது

பேட்டர்ன்கள் தயாரானதும் அவற்றை வரிசைப்படுத்துங்கள். காகிதத்தில் எழுதிக்கொண்டு பிறகு கருவியில் ஏற்றுவது நல்லது. இரண்டு வரி ஸ்க்ரீனில் 74 பாரையும் நினைவில் வைப்பது கடினம். எங்கள் பட்டியல்:

பார் 1-2: கவுண்ட், டெம்போ 90
பார் 3-6: முன்னிசை, ஹை-ஹாட்டும் பேஸும் மட்டும்
பார் 7-22: பல்லவி
பார் 23-30: இடையிசை, 29-ல் டெம்போ 88
பார் 31-54: சரணம், டெம்போ 86, 53-ல் 88
பார் 55-70: பல்லவி, மீண்டும் 90
பார் 71-74: முடிவு, டெம்போ 84

மொத்தம் சுமார் இரண்டரை நிமிடம். ஒவ்வொரு பகுதியின் கடைசி பாரில் ஃபில் பேட்டர்ன் வரும். முன்னிசையில் எல்லா வாத்தியத்தையும் கொட்டிவிடாதீர்கள். பல்லவியில் ஸ்னேர் சேரும்போதுதான் பாட்டு 'தூக்கும்'. தூக்குவதற்கு முன்னால் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும் அல்லவா?

படி 6: பதிவும் சமன்பாடும்

பதிவின்போது லெவல் மீட்டர் உச்சத்தைத் தொட்டுச் சிவப்பு விளக்கு எரியக்கூடாது. டிஜிட்டலில் ஒருமுறை உடைந்த ஒலியைத் திரும்பச் சரிசெய்வது கடினம். வாசிப்பவரின் ஹெட்போனில் டிரம்ஸை அவருக்கு வேண்டிய அளவு வையுங்கள். உங்களுக்குப் பிடித்த அளவில் அல்ல. ஒவ்வொரு முறை பதிவு செய்ததையும் அழிக்காமல் வேறு டிராக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிக்ஸ் செய்யும்போது பேஸ் டிரம், ஸ்னேர், பேஸ் மூன்றையும் நடுவில் வையுங்கள். ஹை-ஹாட்டைச் சற்று வலப்பக்கம் தள்ளலாம். கிட்டாரின் தடித்த தந்தியே சுமார் 82 ஹெர்ட்ஸில்தான் ஒலிக்கிறது. எனவே கிட்டார் டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஈக்வலைசரில் குறைத்தால் எதுவும் இழக்க மாட்டீர்கள். பேஸுக்கு இடம் கிடைக்கும். டிரம்ஸின் வால்யூம், கிட்டாரைத் தாங்கும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும்.

கருவி இல்லாதவர்களுக்கு

ஆடாசிட்டி: இலவச ரெக்கார்டிங் சாப்ட்வேர். ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக் என்ற வசதி உண்டு. எங்கள் மெட்டு போன்ற 6/8 தாளத்துக்கு, ஒரு பாருக்கு 2 பீட், டெம்போ 60 என்று கொடுங்கள். சரியாக 1-லும் 4-லும் தட்டும். (கருவியில் 90 வைத்த அதே வேகம்தான். ஒரு பாருக்கு 2 வினாடி என்பது மாறவில்லை. எண்ணும் முறை மட்டும் மாறுகிறது.)

ஹைட்ரஜன்: டிரம்ஸுக்கு மட்டுமான இலவச சாப்ட்வேர். கட்டங்களில் க்ளிக் செய்து அடிகளை வைக்கலாம். ஒவ்வொன்றின் வெலாசிட்டியையும் கீழே இழுத்து மாற்றலாம். அடிகளின் நேரத்தையும் பலத்தையும் மிகச் சிறிதளவு கலைத்துவிடும் ஹியூமனைஸ் வசதியும் உண்டு.

எல்எம்எம்எஸ்: டிரம்ஸ், பேஸ் இரண்டையும் சேர்த்து எழுத உதவும் இலவச சாப்ட்வேர். இதன் மேல் பகுதியிலேயே தாளத்தை 6/8 என்று மாற்றிக்கொள்ளலாம்.

டிரம்ஸ், பேஸை இவற்றில் தயாரித்து வேவ் பைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதை ஆடாசிட்டியில் இம்போர்ட் செய்து அதன் மேல் கிட்டாரைப் பதிவு செய்துகொள்ளலாம்.

எப்படி முடிந்தது?

அப்பாவுக்கு விரல் நன்றாக மடங்குவது மாலை நேரத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஃபேனை நிறுத்தி, காலிங் பெல்லைத் துண்டித்து, அம்மாவிடம் குக்கருக்கு அரை மணி நேரம் விடுமுறை கேட்டுவிட்டு உட்கார்ந்தோம். முதல் முறை, சரணத்தில் ஒரு சுரம் நழுவியது. இரண்டாம் முறை நான்தான் ரெக்கார்டு பட்டனை அழுத்த மறந்தேன். மூன்றாம் முறை முழுதாக வந்தது.

மோதிர விரலால் பிடிக்க வேண்டிய ஓரிடத்தில் அப்பா சுண்டு விரலைப் பயன்படுத்தியிருந்தார். அந்தச் சுரம் கொஞ்சம் மங்கலாகத்தான் கேட்கிறது. திருத்தலாமா என்று கேட்டேன். "கெடக்கட்டும்யா, இப்ப என் கை அப்படித்தானே இருக்கு" என்றார்.

அந்த பைலை எம்பி3 ஆக மாற்றி, வெளிநாட்டில் இருக்கும் டிரம்ஸ் மாமாவுக்கு அனுப்பினோம். இரவு பதினொரு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. நாலாவது பாரில் பேஸ் நிற்கிறதே, யார் வாசித்தது என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அப்பா சிரித்துக்கொண்டே போனை என்னிடம் கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் வாசிக்கத் தெரிந்தும் கூட ஆள் இல்லாமல் கிட்டாரையோ புல்புல்தாராவையோ பரணில் போட்டு வைத்திருப்பவர் யாராவது இருப்பார். ஒரு மாலை அவரை வாசிக்கச் சொல்லி அளந்து பாருங்கள். பிறகு அவருடைய எண்ணிக்கைக்கு ஏற்ப கருவியைப் புரோகிராம் செய்யுங்கள். முயன்று பார்த்து, எப்படி வந்தது என்று எழுதுங்கள்.